காது கொடுத்தால் போதும்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் இப்போதெல்லாம் யாரும் கத்துவதில்லை. விடியற்காலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், மூட்டைகள் இறங்கும், ஏலம் நடக்கும். ஏலம் கூறுபவர் பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்வதுபோலத்தான் விலையைச் சொல்வார். மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் வியாபாரிக்கு அது தெளிவாகக் கேட்கும். லாரியின் உறுமல் கேட்காது. நாசிக்கிலிருந்து வெங்காயம் கொண்டுவந்தவர் மராத்தியில் பேரம் பேசினால் அவர் குரலிலேயே தமிழில் கேட்கும்.

காரணம், எல்லார் காதுமடலுக்குப் பின்னாலும் மல்லிகை மொட்டளவில் ஒட்டியிருந்த செவிமலர். வெளியில் எழும் சத்தத்தை அது வாங்கி, வேண்டாததைக் கழித்து, மங்கலாக இருப்பதைத் துலக்கி, காதுக்குள் அனுப்பும். இன்செவி என்ற நிறுவனம் அதை இலவசமாகக் கொடுத்தது. "காசு வேண்டாம், காது கொடுத்தால் போதும்" என்பது அவர்களுடைய விளம்பரம். சம்மதம் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும். ஊரே சிரித்துக்கொண்டு சொன்னது.

நிறைமதியும் சொன்னாள். அவள் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, மாவட்டத்தின் பேர்போன கபடி நடுவர். ஒரு காலத்தில் ஒட்டன்சத்திரம் மகளிர் அணியின் தலைவியாக இருந்தவள். முழங்கால் பிசகியபின் விசிலைக் கையில் எடுத்தாள். சொந்த ஊர் அணிக்கு எதிராகவே பலமுறை விசில் ஊதியிருக்கிறாள். "டீச்சர் சொன்னா மறுபேச்சு கிடையாது" என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். அந்தப் பேச்சில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

கபடியில் ரைடு போகிறவர் எதிரணிக் களத்தில் இருக்கும்வரை "கபடி கபடி" என்று விடாமல் பாட வேண்டும். நடுவில் மூச்சு வாங்கிப் பாட்டு அறுந்தால் ரைடு செல்லாது, எதிரணிக்கு ஒரு புள்ளி. அறுந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் நடுவர். செவிமலர் வந்தபிறகு இந்த வேலை சுலபமாகிவிட்டதாக நிறைமதி நினைத்தாள். எத்தனை கூச்சல் இருந்தாலும் ரைடரின் பாட்டு மட்டும் காதருகே நின்று பாடுவதுபோலக் கேட்கும்.

மாவட்டக் கோப்பையின் இறுதிப் போட்டி அந்த வருடம் ஒட்டன்சத்திரத்துக்கும் வத்தலகுண்டுக்கும் நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம், பள்ளி மைதானம். ஆட்டம் முடியும் தறுவாயில் உள்ளூர் அணி ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. கடைசி ரைடுக்கு வத்தலகுண்டுத் தலைவி ரிஸ்வானா வந்தாள். திண்டுக்கல்லில் மருத்துவக் கருவிகளுக்கு நிரல் எழுதும் வேலை அவளுக்கு. வார நாளில் நிரல் எழுதுவாள், வார இறுதியில் ஆட்களைத் தொட்டுவிட்டு ஓடுவாள். அன்றும் அப்படித்தான் இடது ஓரத்தில் பாய்ந்து இரண்டு பேரைத் தொட்டு, பிடித்த கையை உதறி, நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தாள்.

அதற்குள் நிறைமதி விசில் ஊதியிருந்தாள். பாட்டு அறுந்தது. அவள் நன்றாகக் கேட்டாள், ஒரு சின்ன மூச்சு, இரண்டு கபடிக்கு நடுவில்.

ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் எல்லோரும் அதைக் கேட்டிருந்தார்கள். வத்தலகுண்டுக்காரர்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாரும் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கணவன் மனைவி நிறைமதியின் கண்முன்னேயே சண்டை பிடித்தார்கள். கணவன் உள்ளூர், மனைவி வத்தலகுண்டில் பிறந்தவள்.

"அறுந்துச்சுடி. தெளிவா கேட்டுச்சு."

"காதுல என்னத்த வச்சு அடைச்சிருக்கீங்க? எங்க அறுந்துச்சு?"

கபடிச் சங்கத்தார் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். சண்டை இரட்டிப்பானது. பதிவிலும் ஒரு பாதிக்குப் பாட்டு அறுந்தது, மறுபாதிக்கு அறுபடவில்லை. களத்தில் ஆடுபவர்கள் செவிமலர் அணியக்கூடாது என்பது விதி; ஆனால் உள்ளூர்ப் பெண்களைக் கேட்டபோது ரிஸ்வானாவின் காலைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தோம், பாட்டைக் கவனிக்கவில்லை என்றார்கள். நடுவர் சொன்னது சொன்னதுதான் என்று கோப்பை உள்ளூருக்குப் போனது.

மறுநாள் காலை ரிஸ்வானா நிறைமதியின் வீட்டு வாசலில் நின்றாள். நிறைமதியின் கணவன் பிரணவ் கதவைத் திறந்தான். சந்தையில் முருங்கைக்காய் மண்டி வைத்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமை தோசை அவன் பொறுப்பு. கையில் கரண்டியோடு, "மதி, யாரு வந்திருக்காங்கன்னு பாரு" என்றான்.

"சண்டைக்கு வரலக்கா" என்றாள் ரிஸ்வானா. முழங்கையில் நேற்றைய சிராய்ப்பு. "நான் மூச்சு விடல. அது எனக்குத் தெரியும். உங்களுக்குக் கேட்டுச்சுன்னா அதுவும் உண்மையாத்தான் இருக்கும். அது எப்படின்னு ராத்திரி பூரா யோசிச்சேன். ஒரு சோதனை செஞ்சு பாக்கலாமா?"

"என்ன சோதனை?"

"உங்க செவிமலரக் கழட்டுங்க."

நிறைமதி தயங்கினாள். குளிக்கும்போதுகூட அதை எடுத்துப் பல வருடமாகிறது. காதின் பின்புறம் நகத்தால் நெம்பிக் கழற்றினாள். வீடு மொத்தமும் அவள்மேல் விழுந்ததுபோல் இருந்தது. மிக்ஸி, அடுத்த வீட்டுக் குக்கர், மின்விசிறியின் கடகடப்பு, தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைக்கும் சத்தம், எல்லாம் ஒரே சமயத்தில்.

ரிஸ்வானா ஒரு சிறிய ஒலிபெருக்கியில் நேற்றைய பதிவை ஓட்டினாள். நிறைமதி அதில் காதை ஒட்டி வைத்துக் கேட்டாள். கபடி கபடி கபடி. கயிறு திரித்தது மாதிரி, ஓர் இடத்திலும் இழை விடாமல் வந்தது.

"இப்ப மாட்டிக்கிட்டுக் கேளுங்க."

மாட்டிக்கொண்டாள். இரண்டு கபடிக்கு நடுவில், கத்தரியால் வெட்டியதுபோல, அந்தச் சின்ன மூச்சு.

நிறைமதி அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏங்க, இங்க வாங்க. இதக் கேளுங்க" என்றாள். பிரணவ் செவிமலரோடுதான் இருந்தான். அவன் சாத்தூர்க்காரன், கபடியில் எந்த ஊர் ஜெயித்தாலும் அவனுக்கு ஒன்றுதான்.

"நல்லாத்தான பாடுறாங்க" என்றான். "எங்க விட்டாங்க?"

ரிஸ்வானா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து விளக்கினாள். "காதுக்குப் பின்னால ரத்தக்குழாய் ஓடுதுல்லக்கா, அதுல உங்க துடிப்ப இது படிக்கும். எதக் கேட்டா உங்களுக்கு இதமா இருக்கு, எது கேட்டா கடுப்பாகுதுன்னு வருசக்கணக்கா படிச்சு வச்சிருக்கு. கூட்டத்துல சத்தம் மங்கலா வரும்போது ஊகிச்சுத்தான் நிரப்பணும். அந்த ஊகத்த உங்களுக்கு இதமா இருக்குற பக்கம் சாய்ச்சு விடுது. நிரப்பின்னு அதுக்குப் பேரு."

"எதுக்கு அப்படிச் செய்யணும்?"

"கடுப்பானா நீங்க கழட்டி வச்சிருவீங்க. கழட்டிட்டா உங்க துடிப்பு அவங்களுக்குக் கிடைக்காது. அதத்தான விக்கிறாங்க. யாருக்கு யாரு குரல் கேட்டா மனசு இளகும்னு தெரிஞ்சா எத்தன பேரு வாங்குவாங்க. நமக்கு இலவசம்னா, விக்கிற சரக்கு நாமதான்."

தோசை கருகும் வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"எனக்குப் பக்கமே கெடையாதுன்னுதான் நெனச்சிருந்தேன்" என்றாள் நிறைமதி மெதுவாக. ரிஸ்வானா அவள் முகத்தைப் பார்க்காமல் ஒலிபெருக்கியின் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இன்செவி நிறுவனத்துக்கு நிறைமதி பேசினாள். மறுமுனையில் ஒரு பெண் அவ்வளவு கனிவாகப் பேசினாள். நிரப்பியை நிறுத்த முடியுமா என்று கேட்டாள் நிறைமதி. பயனர் மகிழ்ச்சிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு, நிறுத்தும் வசதி இல்லை என்றாள் அந்தப் பெண். அப்படியானால் உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்றாவது காட்டுங்கள், நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்றாள் நிறைமதி. மென்பொருள் நிறுவனத்தின் உடைமை, பயன்படுத்த மட்டுமே அனுமதி, காது மட்டும்தான் உங்களுடையது என்று அந்தப் பெண் சொல்லி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். நிறைமதி நன்றி சொல்லி வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றான் பிரணவ்.

"முடியாதுன்னுட்டாங்க."

"அப்புறம் ஏன் சிரிச்சுக்கிட்டு இருக்க?"

நிறைமதி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். உண்மையிலேயே சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் குரலில் அப்படி ஓர் இனிமை. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

அன்றே சங்கச் செயலாளர் சேவியர் பாண்டியனைப் பார்க்கப் போனாள். என் தீர்ப்பு தவறு, ஆட்டத்தை மறுபடி நடத்த வேண்டும் என்றாள். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"டீச்சர், இத வெளிய சொன்னா இத்தன வருசப் பேரு போயிரும்."

"போனா போகட்டும் சார். அந்தப் பொண்ணு ஓடுன ஓட்டம் ஓட்டம்தான?"

அவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அடுத்த மாதம் மறு ஆட்டம், அதே மைதானம், அதே நடுவர். ஆனால் எந்தக் காதோடு நடுவராக நிற்பது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. செவிமலரைக் கழற்றிவிட்டு ஒரு பயிற்சி ஆட்டத்தில் நின்று பார்த்தாள். பிள்ளைகளின் கூச்சலில் பாட்டு எங்கே என்றே பிரித்தறிய முடியவில்லை. வேண்டியதை மட்டும் கேட்டுப் பழகிய காது, கலந்து வருவதைப் பிரிக்க மறந்துபோயிருந்தது.

வழி ரிஸ்வானாவிடம் இருந்தது. உலகத்தில் அங்கங்கே சிலர் கூடி, செவிமலருக்கென்றே நேர்செவி என்ற நிரலை எழுதி வைத்திருந்தார்கள். அதன் ஒவ்வொரு வரியையும் யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். சத்தத்தை உரக்கவும் மெல்லவும் ஆக்கும், திசை பிரித்துக் காட்டும், ஊகித்து நிரப்பாது. அதை ஏற்றக் கருவியின் பூட்டைத் திறக்க வேண்டும். உடம்பில் அணியும் கருவிக்குள் என்ன ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அணிபவருக்கே என்று சட்டம் ஏற்கெனவே இருந்தது. கேட்டால் நிறுவனம் சாவியைக் கொடுத்தாக வேண்டும். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நிறைமதி கேட்டாள். அதே கனிவான குரல் எச்சரித்தது. இனி இலவசச் சேவை கிடையாது, பழுது பார்க்கமாட்டோம், என்ன நடந்தாலும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

"கடைசியில சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் நிறைமதி. அந்தக் குரல் இன்னொரு முறை சொன்னது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

நேர்செவி ஏற்றிய மறுநாள் காலையில் பிரணவ் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தான். கல்யாணமானதிலிருந்து தினமும் பாடுகிறவன்தான். அவன் குரலைக் கேட்டுக்கொண்டே காபி கலப்பது நிறைமதிக்கு வழக்கம். இன்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தாளம் ஒரு பக்கம் போக, சுதி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

துண்டோடு வெளியே வந்தவன், "என்னாச்சு?" என்றான்.

"இத்தன நாளும் இப்படித்தான் பாடினீங்களா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"ரொம்ப மோசங்க."

அவன் முகம் தொங்கிப்போனது. அன்று மாலையே ரிஸ்வானாவிடம் போய்த் தன் செவிமலரிலும் நேர்செவியை ஏற்றிக்கொண்டு வந்து, உட்கார்ந்து ஒரு பாட்டு பாடினான். பாதியில் நிறுத்திவிட்டு நிறைமதியைப் பார்த்தான்.

"இதையா எட்டு வருசமா சகிச்சுக்கிட்ட?"

"நான் சகிக்கல. அவங்க தேன் தடவிக் குடுத்திருக்காங்க."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு அவன் மீதிப் பாட்டையும் பாடி முடித்தான். அவள் முழுவதும் கேட்டாள். மோசமாகத்தான் இருந்தது, ஆனால் அது அவன் குரல். இழுக்க வேண்டிய இடங்களில் அவனுக்கு லேசாக மூச்சு நடுங்குகிறது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சந்தையில் பிரணவுக்கு இன்னொரு விஷயமும் விளங்கியது. எதிர் மண்டிக்காரர் பேசும்போது வாங்குபவர்கள் ஏன் அப்படிச் சொக்கி நிற்கிறார்கள் என்று பல நாள் வியந்திருக்கிறான். இப்போது கேட்டால் அவர் குரல் தகர டப்பாவில் ஆணி போட்டு ஆட்டியதுபோல இருந்தது. இன்செவியிடம் குரலுக்குத் தேன் வாங்கியிருக்கிறார். பிரணவ் இதை நாலு பேரிடம் சொன்னான். அவர்கள் நாற்பது பேரிடம் சொன்னார்கள்.

பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் ரிஸ்வானாவின் மேசை முன்னால் வரிசை நின்றது. இரண்டு அணிப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து பூட்டுகளைத் திறந்து கொடுத்தார்கள். நேர்செவி ஏற்றிக்கொண்டவர்கள் சற்றுத் தள்ளிப் போய் நின்று கேட்டார்கள். ஒரு பஸ் டிரைவர், தன் பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டுவிட்டு உடனே பணிமனைக்கு ஓட்டிப் போனார். பேசும்போதெல்லாம் எல்லாரும் தலையாட்டிக் கேட்பதாக நம்பிக்கொண்டிருந்த கவுன்சிலர் ஒருவர், முன்வரிசையில் கொட்டாவிச் சத்தம் கேட்டுப் பேச்சைச் சுருக்கினார். சந்தையில் மறுபடி கத்த ஆரம்பித்தார்கள். தொண்டை கட்டிப்போன ஏலக்காரர்கள் பனங்கற்கண்டைக் கடித்துக்கொண்டு திரிந்தார்கள், ஆனாலும் குஷியாக இருந்தார்கள்.

சொந்தமாக்கிக்கொண்டதில் தொல்லையும் இருந்தது. திசை பிரிக்கும் பகுதியில் யாரோ கைவைத்ததில் ஒரு வாரம் ஊரில் காக்கைகள் எல்லாம் ஆடு மாதிரி கத்தின. திட்டுவதற்கு நிறுவனம் இல்லை. பள்ளியின் கணினி வகுப்புப் பெண்கள் வரி வரியாகத் தேடி, தப்பைக் கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். காக்கை காக்கையாகக் கரைந்த காலையில் தெருவில் பலர் நின்று அண்ணாந்து கேட்டார்கள்.

மறு ஆட்டத்தின் அன்று மைதானம் பிதுங்கியது. அத்தனை பேரும் பூட்டைத் திறந்தவர்கள். அந்தக் கூச்சலை ஒட்டன்சத்திரம் கேட்டுப் பல வருடமாயிற்று. நிறைமதி களத்துக்குள் இறங்குமுன் ரிஸ்வானாவைப் பார்த்துத் தலையசைத்தாள். ரிஸ்வானா பதிலுக்குச் சிரித்துவிட்டுத் தன் செவிமலரைக் கழற்றித் தோழியிடம் கொடுத்தாள்.

அப்படி ஓர் ஆட்டம் இரு ஊரும் பார்த்ததில்லை. ஒரு புள்ளி இவர்கள் எடுத்தால் அடுத்தது அவர்கள் எடுத்தார்கள். உள்ளூர்ப் பெண் ஒருத்தி பின்பக்கமாகப் பறந்து கணுக்காலைப் பிடித்தபோது வத்தலகுண்டுக்காரர்களே எழுந்து கைதட்டினார்கள். நிறைமதி காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு ரைடையும் பின்தொடர்ந்தாள். மங்கலானது மங்கலாகவும் தெளிவானது தெளிவாகவும் வந்தது. இதுதான் நியாயம் என்று அவள் மனம் நிறைந்திருந்தது.

ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது கடைசி ரைடு ரிஸ்வானாவுக்கு அமைந்தது. அவள் களத்தின் ஆழத்துக்குப் போனாள். மூன்று பேர் சங்கிலியாக வளைத்தார்கள். அவள் குனிந்து, ஒருத்தியின் தோளைத் தொட்டு, இடுக்கில் நுழைந்து, உருண்டு நடுக்கோட்டைத் தொட்டாள். கபடி கபடி கபடி. நிறைமதி கடைசி எழுத்துவரை கேட்டாள். அறுபடாமல், அத்தனை அழகாக. கையை உயர்த்தி வத்தலகுண்டுக்குப் புள்ளி கொடுத்தாள். போன மாதம் நெஞ்சில் ஏறிய கல் இறங்கியதுபோல் இருந்தது.

வத்தலகுண்டுப் பெண்கள் ஓடிவந்து ரிஸ்வானாவைத் தூக்கினார்கள். அவள் திமிறி இறங்கி, மூச்சிரைக்க நடுவரிடம் வந்தாள்.

"அக்கா, பாட்டு விட்டுருச்சு."

"என்ன சொல்ற?"

"குனியும்போது. ஒரு மூச்சு வாங்கிட்டேன்."

"இல்லையே. நான் நல்லா கேட்டேனே."

"வாங்கிட்டேன்கா. எனக்குத் தெரியாதா?"

நிறைமதி பதிவைப் போடச் சொன்னாள். மைதானமே அடங்கிக் கேட்டது. கபடி கபடி, பிறகு தெளிவாக ஒரு மூச்சு, பிறகு கபடி. இந்த முறை எல்லாருக்கும் கேட்டது, வத்தலகுண்டுக்காரர்களுக்கும்.

பக்கத்தில் இருந்தவர்களை நிறைமதி கேட்டாள். உள்ளூர்க்காரர்கள் அப்போதே கேட்டதாகச் சொன்னார்கள். வத்தலகுண்டுக்காரர்கள் ஓட்டத்தின்போது எதையும் கேட்கவில்லை, இப்போது பதிவில்தான் கேட்கிறது என்றார்கள். அவளைப் போலவே.

"இதுலயும் நிரப்பி புகுந்துருச்சா?" என்றாள் நிறைமதி.

ரிஸ்வானா அவள் செவிமலரை வாங்கி, கைக்கணினியில் பொருத்தி, நிரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தாள். கணினி வகுப்புப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். ஆட்டத்தின்போது செவிமலர் வாங்கிய ஒலியையும் அது காதுக்குள் அனுப்பிய ஒலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டிலும் மூச்சு இருந்தது.

"இது சரியாத்தான் குடுத்திருக்குக்கா. உங்க காதுவரைக்கும் வந்திருக்கு."

"பின்ன எனக்கு ஏன் கேக்கல?"

ரிஸ்வானா செவிமலரைத் துடைத்து அவள் கையில் வைத்தாள். அவள் எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்று நிறைமதிக்குப் புரிந்தது. போன மாதம் சொந்த ஊர் ஜெயிக்க வேண்டும் என்று உள்ளே ஏதோ ஆசைப்பட்டிருந்தது, அதைச் செவிமலர் கண்டுபிடித்துக் கொடுத்தது. இந்த மாதம் இந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். செவிமலர் ஒன்றும் செய்யவில்லை. அவளே நிரப்பிக்கொண்டாள்.

"இந்த நிரலோட மூல வரிகளப் படிக்க முடியுமாடி?" என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டினாள்.

"அதுக்குச் சாவி எவன்கிட்ட இருக்குன்னு தெரியலக்கா."

நிறைமதிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெல்ல, பிறகு அடக்க முடியாமல். ரிஸ்வானாவும் தோற்றுக்கொண்டிருப்பதை மறந்து சிரித்தாள். விசிலை எடுத்து ஊதி, ஒலிபெருக்கியில் நிறைமதி சொன்னாள்.

"ரைடு செல்லாது. புள்ளி ஒட்டன்சத்திரத்துக்கு. தப்பு என்னோடது. எந்தக் கம்பெனியும் காரணமில்ல. ரிஸ்வானா ஜெயிக்கணும்னு நான் ஆசப்பட்டுட்டேன்."

அதற்கு எழுந்த கைதட்டல் எந்த ஊருக்கு என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. கோப்பையை வாங்கிய உள்ளூர்த் தலைவி அதன் ஒரு காதை ரிஸ்வானாவிடம் பிடிக்கக் கொடுத்தாள். பிரணவ் சந்தையிலிருந்து ஒரு மூட்டை வெள்ளரிக்காய் கொண்டுவந்து அவிழ்த்தான். மிளகாய்த்தூள் தடவித் தின்றுகொண்டு, இரண்டு அணிகளும் அவனைப் பாடச் சொல்லி வற்புறுத்தின. அவனும் பாடினான். ஒருவரும் செவிமலரைக் கழற்றவில்லை என்பதை அவன் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறான்.

சங்கக் கூட்டத்தில் நிறைமதி ஒரு யோசனை சொன்னாள். பக்கம் இல்லாத காது கிடையாது என்றாகிவிட்டது. அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு நடுவர்கள் நிற்கட்டும். ஒருவர் இந்த அணி ஜெயிக்க வேண்டும் என்று வெளிப்படையாக ஆசைப்படுகிறவர், மற்றவர் அந்த அணிக்கு. இருவருக்கும் ஒன்றே கேட்டால் அதுதான் நடந்தது. சேவியர் பாண்டியன் தலையைச் சொறிந்தார், ஒரு பருவம் நடத்திப் பார்ப்போம் என்றார். அந்தப் பருவத்தில் ஒரு சண்டைகூட வரவில்லை. பக்கத்து மாவட்டங்களும் இதையே எடுத்துக்கொண்டன. நடுவர்களுக்கு ஏக கிராக்கி. ஆனால் வருகிறவர்களில் பலர் பழைய பழக்கத்தில், தங்களுக்கு எந்தப் பக்கமும் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். அவர்களை வைத்துக்கொண்டு சங்கம் பட்ட பாட்டுக்குப் பிறகு, இந்த வருட அறிவிப்பை வேறு மாதிரி எழுதினார்கள்.

"கபடி நடுவர்கள் தேவை. நடுநிலையாளர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்."